உஷார்! ‘அதிகம்’ என்றதும் கூட்டிவிடும் பிள்ளை

வீட்டில் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், இந்தக் கணக்கை இன்றைக்கே கொடுத்துப் பாருங்கள்.

‘கண்ணனிடம் 12 கோலிக்குண்டு இருக்கிறது. இது மாலாவிடம் இருப்பதைவிட 4 அதிகம். மாலாவிடம் எத்தனை?’

யோசிக்காமல் ‘16’ என்று பதில் வருகிறதா? சரியான விடை 8. ஒரு தடவை தப்பினால் பதற வேண்டாம். இந்தக் கணக்கில் வழுக்காத பிள்ளை குறைவு. ஆனால் இப்படிப்பட்ட கணக்கு எது வந்தாலும் தப்பு, அதே பிள்ளை 12 – 4 என்று எழுதிக்கொடுத்தால் நொடியில் 8 என்கிறது என்றால், உஷார்! அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு என்று அந்த வாக்கியத்தைப் பிடித்துவைத்து யோசிப்பதில்தான் சிக்கல். பள்ளிகளில் இதை ‘வெர்பல் ரீசனிங்’ என்கிறார்கள். வீட்டில் இதை ‘கணக்கு வரல’ என்கிறோம். ஆபத்து இங்கேதான் ஆரம்பம்.

மார்க்கைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒன்று, இரண்டாம் வகுப்பில் இந்தச் சிக்கல் வெளியே தெரியாது. பாட்டு, வாய்ப்பாடு, திருக்குறள் எல்லாம் மனப்பாடத்தில் ஓடிவிடும். ‘வாய் கிழியப் பேசுறான், இவனுக்கென்ன குறை?’ என்று தாத்தா பாட்டியும் சர்டிஃபிகேட் கொடுத்துவிடுவார்கள். மூன்றாம் வகுப்பு தாண்டியதும் கேள்வியின் போக்கே மாறுகிறது. ‘காரணம் கூறுக’, ‘வேறுபடுத்துக’, ‘பொருந்தாததை எடுத்து எழுதுக’ என்று வரிசையாக வருகின்றன. மனப்பாடம் இங்கே கை கொடுக்காது. நான்காம் வகுப்பை ஒட்டி வரும் இந்தச் சரிவை அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

கவனிக்காமல் விட்டால் எட்டாம் வகுப்பில் பணமாகவே இழப்பு தெரியும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வின் மனத்திறன் தாளில் 90 கேள்விகள், 90 நிமிடங்கள். ஒப்புமை, வகைப்படுத்தல், தொடர் என்று யோசிக்கவைக்கும் கேள்விகள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். கேள்வியைப் புரிந்துகொள்ளவே ஒரு நிமிடம் போய்விடும் பிள்ளை, அறிவிருந்தும் பின்தங்கிவிடும்.

இந்த நான்கு பொறிகளில் விழாதீர்கள்

முதல் பொறி, குறுக்குவழி. ‘மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி, அதிகம்னா கூட்டு’ என்று பல டியூஷன்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘16’ வந்தது இதனால்தான்! ஒற்றைச் சொல்லைத் தேடிப்பிடித்து, மிச்ச வாக்கியத்தைப் படிக்காமலே விடப் பிள்ளையைப் பழக்கும் வேலை இது.

இரண்டாவது, காசு பறிக்கும் வகுப்புகள். அபாகஸ் கணக்குப் போடும் வேகத்துக்குப் பயிற்சி. வாக்கியம் புரியாத பிள்ளைக்கு அது மருந்தாகாது. கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்கவைக்கும் ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். பிள்ளை மூக்கோர இடுக்கு வழியாகப் பார்த்துப் படிக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, ‘வீட்டில் தமிழ் பேசாதீங்க, இங்கிலீஷ்லயே பேசுங்க’ என்ற அறிவுரை. இரண்டு மொழி புழங்குவதால் மொழிக்குறைபாடு வருவதில்லை. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் நீங்கள் பேசுவது ‘சிட் டவுன், ஈட், கோ’ என்று சுருங்கிவிடும். காரண காரியம் பேச வேண்டிய வயதில் பிள்ளைக்குக் கட்டளை மட்டுமே காதில் விழும்.

நான்காவது, வசவு. ‘மண்டையில ஏறுதா?’ என்று கேட்கக் கேட்க, பிள்ளை வாயைத் திறப்பதையே நிறுத்திவிடும். தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்ளும்.

முதலில் காது, பிறகுதான் டியூஷன்

அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளையா? நடுக்காதில் நீர் கோத்திருந்தால், கேட்டும் கேட்காத மாதிரி இருக்கும். கூப்பிட்டால் திரும்புவான், ஆனால் வகுப்பில் டீச்சர் சொல்லும் நீண்ட வாக்கியத்தில் பாதி கரைந்துபோகும். ‘கவனமே இல்லை’ என்று டைரியில் எழுதி அனுப்புவார்கள். ஆகவே முதல் வேலை, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கேட்கும் திறன் சோதனை. கண்ணையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

காது சரியாக இருந்தும் சிக்கல் தொடர்கிறதா? மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று ஒன்று இருக்கிறது. மற்ற விஷயங்களில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அது இருக்கலாம். இங்கிலாந்து ஆய்வுகளின் கணக்குப்படி சுமார் 7 சதவீதம், அதாவது 30 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். வளர்ப்பில் தவறு என்று யாரையும் பழிக்க இதில் இடமில்லை.

இவை தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்:

• இரண்டு வயதாகியும் ‘அம்மா வா’, ‘பால் குடு’ என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை.
• நான்கு வயதில் பேசுவது வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியவில்லை.
• ஆறு, ஏழு வயதிலும் பள்ளியில் நடந்ததை முன்பின்னாகக் கோத்துச் சொல்லத் தெரியவில்லை. ‘அது’, ‘இது’, ‘அந்த மாதிரி’ என்றே ஓட்டுகிறது.
• ‘புத்தகத்தைப் பைக்குள்ள வச்சுட்டு, கை கழுவிட்டு வா’ என்றால் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிற்கிறது.
• ‘ஏன்?’ என்று கேட்டால் ‘எங்கே?’ என்பதற்கான பதில் வருகிறது.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் பேச்சு குறைந்தால், எந்த வயதானாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

பெரிய செலவாகுமே என்று தயங்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. கேட்கும் திறன், மொழி வளர்ச்சி, கற்றல் சிரமம் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. மேல் சோதனைக்கும் சிகிச்சைக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு இலவசமாக அனுப்புவார்கள். தனியாரிடம் போவதானால் தகுதி பெற்ற பேச்சு மற்றும் மொழி சிகிச்சையாளரைத் தேடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் திணறல் என்றால் டிஸ்லெக்சியாவுக்கான சோதனையும் தேவை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும்.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள்

அந்தக் கோலிக்குண்டுக் கணக்கையே எடுங்கள். எண்களை விரலால் மறைத்துவிட்டு, கதையை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். ‘யார்கிட்ட அதிகம்?’ கண்ணன்கிட்ட. ‘அப்போ யார்கிட்ட கம்மி?’ மாலாகிட்ட. இரண்டு கோடு போடட்டும். கண்ணனுக்கு நீளமானது, மாலாவுக்குக் குட்டையானது. இப்போது விரலை எடுங்கள். 12 எந்தக் கோடு? நீளக் கோடு. 4 எங்கே? மிஞ்சி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு. குட்டைக் கோடு 8 என்று பிள்ளையே சொல்லிவிடும்.

மளிகைச் சாமான் வந்தால் துவரை, உளுந்து, பாசிப்பருப்பு, சீரகம் நான்கையும் முன்னால் வையுங்கள். ‘இதுல எது சேராது?’ சீரகம் என்றால் ‘ஏன்?’ என்று கேளுங்கள். உளுந்து என்று சொல்லி, ‘அது மட்டும்தான் வெள்ளை’ என்றால் அதுவும் சரி! ‘ஏன்னா’ என்று சொல்லிக் காரணம் காட்டுவதுதான் இங்கே பயிற்சி.

கேள்வி கேட்டதும் அவசரப்படுத்தாதீர்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அப்போதும் பதில் வரவில்லையென்றால் இரண்டு விடை கொடுங்கள். ‘பால் பொங்கினது தீ அதிகமானதாலயா, பாத்திரம் பெருசா இருந்ததாலயா?’ பிள்ளை ஒன்றைச் சொன்னதும், நீங்கள் முழு வாக்கியமாகச் சொல்லிக்காட்டுங்கள். தினம் கால் மணி நேரம் போதும். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் டி.வி.யையும் போனையும் அணைத்துவிட்டால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

ஆனால் வீட்டுப் பயிற்சி சிகிச்சைக்குப் பதிலாகாது. ‘அரையாண்டு மார்க் வரட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருந்தால் ஒரு கல்வியாண்டே போய்விடும். இந்த வாரம் காதைச் சோதியுங்கள். வகுப்பு டீச்சரிடம் ‘எத்தனை மார்க்?’ என்று கேட்காமல், ‘கேள்வி புரிஞ்சு எழுதுறானா?’ என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் தெரியும்வரை புது டியூஷனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.