மாதிரி ராக்கெட்டுக்கு எந்த மோட்டார்?

மாதிரி ராக்கெட் என்பது அட்டைக் குழாயும் பால்சா மரத் துடுப்புகளும் பிளாஸ்டிக் மூக்கும் கொண்ட எளிய பொருள். அதைத் திரும்பத் திரும்பப் பறக்கவிடலாம். அடியில் செருகும் மோட்டாரை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் 1954-இல் இந்த முறையை உருவாக்கினார். உலோகக் குழாயில் தாங்களே வெடிமருந்தைக் கெட்டித்துச் சிறுவர்கள் காயப்பட்டுவந்த காலம் அது. பின்னர் கொலராடோவில் வெர்ன் எஸ்டெஸ் அமைத்த இயந்திரம், ஒரே தரமான மோட்டார்களைக் குறைந்த விலையில் கிடைக்கச் செய்தது.

மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உதாரணமாக, சி6-5. எழுத்து மொத்தக் கணத்தாக்கைக் காட்டுகிறது; அதாவது உந்துவிசையும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த அளவு. ஏ வகைக்கு உச்சவரம்பு 2.5 நியூட்டன் விநாடி, பிக்கு 5, சிக்கு 10 என ஒவ்வோர் எழுத்துக்கும் வரம்பு இருமடங்காகும். 6 என்பது நியூட்டனில் சராசரி உந்துவிசை. கடைசி எண்ணான 5 தாமத விநாடிகள்.

புதியவர்கள் அதிகம் கவனிக்காதது இந்தக் கடைசி எண்ணைத்தான். சி6 மோட்டாரில் உந்தும் மருந்து ஏறக்குறைய 2 விநாடிகளில் தீர்ந்துவிடும். பெற்ற வேகத்தில் ராக்கெட் மேலும் ஏறும்போது தாமத மருந்து புகை கக்கியபடி மெல்ல எரியும். கீழே நிற்பவர்கள் அந்தப் புகையைப் பார்த்தே ராக்கெட்டைத் தொடர்கிறார்கள். அது முடிந்ததும் சிறு வெடிப்பு மூக்கைத் தள்ளி, பாராசூட்டை வெளியேற்றும். சூட்டில் பாராசூட் உருகாதிருக்க, இடையில் தீப்பிடிக்காத தாளைச் சுருட்டி வைப்பார்கள். தாமதம் குறைந்தால் பாராசூட் வேகத்திலேயே விரிந்து கிழியும்; அதன் கயிறு அட்டைக் குழாயையும் அறுத்துவிடலாம். கூடினால் ராக்கெட் தலைகீழாகத் தரையை நோக்கிப் பாயும். உச்சியில், வேகம் அடங்கிய நொடியில் விரிவதே சரி.

ஒரே ராக்கெட் மோட்டாருக்கேற்ப எப்படி மாறும் என்பதற்கு எஸ்டெஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா 3 நல்ல சான்று. நீளம் 31 செ.மீ., எடை சுமார் 34 கிராம். ஏ8-3 போட்டால் சிறு மைதானத்துக்குள்ளேயே இறங்கும். சி6-5 போட்டால் 300 மீட்டர் அளவுக்கு ஏறும். காற்றடித்தால் மரங்களைத் தாண்டிப் போய்விடும். ஆகவே முதல் பறப்புக்குச் சிறிய மோட்டாரே ஏற்றது. கனமான ராக்கெட்டுக்குக் கணக்கு வேறு: உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். 200 கிராம் ராக்கெட்டின் எடை சுமார் 2 நியூட்டன் என்பதால், தேவை 10 நியூட்டன். சி6 போதாது, டி12 தாங்கும்.

இவையெல்லாம் கருமருந்து மோட்டார்கள். இன்னும் பெரியவற்றில் அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பிணைப்பியில் கலந்த கூட்டு எரிபொருள் இருக்கும், பி.எஸ்.எல்.வி.யின் முதல் நிலையில் எரிவதும் இதே இனம்தான். ஏரோடெக் நிறுவனத்தின் ‘ஒயிட் லைட்னிங்’ வெண்சுடரும் வெண்புகையும் தரும். ‘பிளாக் ஜாக்’ கரும்புகை கக்கும். ‘ப்ளூ தண்டர்’ அதிகப் புகையின்றிச் சட்டென்று கிளப்பும். எச் வகை முதல் மேலே போக, அமெரிக்காவில் ராக்கெட் மன்றங்களின் சான்றிதழ் வேண்டும்.

கலிஃபோர்னியாவின் லூசர்ன் வறண்ட ஏரி போன்ற திறந்தவெளிகளில் மன்றங்கள் கூடுகின்றன. பாதுகாப்பு அலுவலர் துடுப்புகளை அசைத்துப் பார்த்து, மோட்டார் இறுகப் பொருந்தியுள்ளதா என்று சோதித்த பிறகே ராக்கெட் ஏவுதண்டுக்குப் போகும். தண்டு செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாயக்கூடாது. டி வரையிலான மோட்டார்களுக்கு 15 அடி, அதற்கு மேல் ஜி வரை 30 அடி தள்ளி நிற்க வேண்டும். 5 விநாடி எண்ணி, மின்பொத்தானை அழுத்துவார்கள். பற்றாவிட்டால் பொத்தான் பெட்டியின் பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருந்தே அருகே செல்லலாம். அப்படிப் பற்றாதபோது பெரும்பாலும் மோட்டாரில் பழுது இராது. பற்றவைக்கும் கம்பி மருந்தைத் தொடாமல் நழுவியிருக்கும்.