மேசைமேல் ஒரு போர்க்களம்

1815 ஜூன் 18-இல் நிகழ்ந்த வாட்டர்லூப் போரைச் சிற்றுருவில் அமைக்கும் பணியை 1830-இல் ஏற்றவர் வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. எட்டு மாதம் அக்களத்திலேயே தங்கி மேடு பள்ளங்களை அளந்தார். பின், போரிட்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை 7 மணியளவில் அவரவர் படை நின்ற இடத்தையும், வயலில் நின்ற பயிரையும் வினவினார். விடைகள் பல; அவை ஒன்றோடொன்று முரணின.

அரசு இடையிலே பொருளுதவியை நிறுத்தியது, அவர் கடன்பட்டார். எனினும், ஒரு மைலுக்கு 9 அடி என்னும் அளவில், 70,000-க்கும் மேற்பட்ட உலோக வீரர்களை நிறுத்தி, 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். பிரஷ்யப் படைக்கு அவர் அளித்த இடத்தை வெலிங்டன் பிரபு விரும்பவில்லை. வெற்றியிற் பங்கு யாருக்கு என்பதே வழக்கு.

ஆதலின், ஒரு பொம்மையை நிறுத்துவதும் வரலாறு எழுதுவதேயாம். நீங்களும் மாதிரி அமைக்கலாம். ஆனால் சான்று கேளாமல் ஒன்றையும் நிறுத்தாதீர்கள்.