ஒரு புள்ளி காணாமல் போனால் ஸ்தாயியே மாறும்

மாணவர்களே, ஜெலுத்தோங்கில் வயலினோ புல்லாங்குழலோ கற்றுக்கொள்பவரா நீங்கள்? அப்படியானால் உங்கள் கைப்பேசியில் புலனம் வழியாக வந்த ஸ்வரத்தாள் படங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். “அந்த மோகன வர்ணத்தை எடு” என்று ஆசிரியர் சொன்னதும் அதை உடனே எடுக்க முடிகிறதா? பிறந்தநாள் படங்களுக்கு நடுவே தேட வேண்டியிருந்தால், உங்களிடம் இருப்பது படக்குவியல்தான். அதை நூலகமாக மாற்ற என்ன செய்ய வேண்டும்?

இந்தச் சிக்கல் நமக்குத்தான் புதிது. எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதர் இதை அச்சுத்தாளில் சந்தித்தார். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தில் வந்த அவர், வீட்டிலிருந்த பாடல்களைக் குறியீட்டுடன் எழுதி 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் நூலாக வெளியிட்டார். ஏ.எம். சின்னசாமி முதலியார் அவரை விடாமல் தூண்டினார். எட்டயபுரம் அரசர் ஆதரவு தந்தார். முத்துசுவாமி தீட்சிதரின் பாடல்கள் மட்டும் அதில் 200க்கு மேல் உள்ளன.

ஸ்வரங்களை எழுதினால் போதாது, அவற்றை எப்படி அசைப்பது என்பதையும் எழுத வேண்டும் என்று அவர் நினைத்தார். அதனால் கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்கள் வைத்தார். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஏற்ற ஜாருவுக்கு மேல் நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ் நோக்கிய சாய்கோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளிகள். ஸ்வரத்தின் மேல் புள்ளி இருந்தால் அது மேல் ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ் ஸ்தாயி என்பது உங்களுக்கே தெரியும்.

இப்படிப்பட்ட பக்கத்தை ஸ்கேனரில் வைக்கும்போது கொஞ்சம் கணக்கு தேவை. தாளில் அந்தப் புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் என்ற அளவில் எடுத்தால், அதன் அகலத்தில் சுமார் 6 படப்புள்ளிகள் விழும். அளவை 100 ஆகக் குறைத்தால் இரண்டே விழும். அது தூசியா ஸ்வரப்புள்ளியா என்று கண்ணாலும் சொல்ல முடியாது, கணினியாலும் சொல்ல முடியாது. ‘அழுக்கு நீக்கு’ என்ற பொத்தானை அழுத்தினால் அந்தப் புள்ளியும் போய்விடும், மேல் ஸச்சம் நடு ஸச்சமாக இறங்கிவிடும். ஆகவே 300க்குக் குறையாமல், சாம்பல் நிறச் சாயல்களோடு எடுப்பது நல்லது. ஏ4 பக்கம் ஒன்று அப்போது சுமார் 87 லட்சம் படப்புள்ளிகள் ஆகும். சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 9 மெகாபைட்.

இவ்வளவு செய்தும் கணினிக்கு அது வெறும் படம். கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று தெரியுமே தவிர, அதில் என்ன ஸ்வரம் என்று தெரியாது. இசையையே தரவாக எழுதி வைப்பதுதான் அடுத்த படி. 1983இல் வந்த மிடி முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண். பியானோவின் நடு ‘சி’ 60. பள்ளி பேண்ட் குழுவில் பி-ஃபிளாட் கிளாரினெட் வாசிப்பவருக்குத் தாள் தயாரிக்க, எல்லா எண்ணுடனும் 2 கூட்டினால் முடிந்தது. தாளின் தோற்றத்தையும் சேர்த்துக் காக்க, 2004இல் வெளிவந்த மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற வடிவம் உண்டு. மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருள்கள் அதைத் திறக்கும்.

அச்சிட்ட மேலைநாட்டுத் தாளைப் படித்துத் தரவாக மாற்றும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவை முதலில் ஐந்து கோடுகளைத் தேடும். நம் ஸ்வரத்தாளிலோ கோடே கிடையாது! எனவே நாமே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியதுதான். அதில் ஒரு வசதியும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. ஸட்ஜம் பாடுபவரின் சுருதியைப் பொறுத்தது என்பதால், எண்ணைக் கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை. ஒருமுறை ஏற்றிய தரவைத் தமிழிலோ தெலுங்கிலோ காட்டலாம். ஆபத்து ‘ரி’ என்ற எழுத்தில் இருக்கிறது. மாயாமாளவகௌளையில் அது சுத்த ரிஷபம், சங்கராபரணத்தில் சதுச்ருதி ரிஷபம். தாளில் இரண்டும் ஒரே எழுத்து. தலைப்பில் உள்ள ராகப் பெயரை வெட்டிவிட்டுப் படம் எடுத்தால், கீழே உள்ள ஸ்வரங்கள் அத்தனையும் புதிராகிவிடும்.

அந்த ராகப் பெயரை எப்படி எழுதி வைப்பது? ஆங்கில எழுத்தில் தோடியை ஒருவர் ‘எச்’ சேர்த்து எழுதுவார், இன்னொருவர் சேர்க்காமல் எழுதுவார். கணினிக்கு அவை இரண்டு ராகங்கள். தமிழிலும் தொல்லை தீராது. எட்டாவது மேளத்தை நாம் ஹனுமத்தோடி என்கிறோம்; தீட்சிதர் மரபில் அது ஜனதோடி. ஆனால் எண் இரண்டிலும் 8தான். சுப்பராம தீட்சிதரும் தம் நூலை 72 மேள வரிசையில்தான் அடுக்கினார். கோப்பின் பெயரில் மேள எண், ராகம், தாளம், இயற்றியவர் என்று ஒரே ஒழுங்கில் எழுதினால், தேடும் வேலை நொடியில் முடியும். என்னைக் கேட்டால் விலையுயர்ந்த ஸ்கேனரைவிட இந்த ஒழுங்குதான் முக்கியம்.

கடைசியாக, எதை ஏற்றலாம் என்ற கேள்வி. எட்வர்ட் குவோ என்ற மாணவர் 2006இல் கனடாவில் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைத்தாள் நூலகம், 2007 அக்டோபரில் மூடப்பட்டது. வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகம் அனுப்பிய சட்டக் கடிதமே காரணம். அப்போது கனடாவில் இசையமைப்பாளர் இறந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை, ஐரோப்பாவில் 70 ஆண்டுகள். ஓரிடத்தில் சட்டப்படி சரியான தாள் இன்னோரிடத்தில் சிக்கலானது. 2008 ஜூனில் நூலகம் மீண்டும் திறந்தது.

மலேசியாவில் இந்தக் காலம் 50 ஆண்டுகள், இந்தியாவில் 60. சுப்பராம தீட்சிதர் 1906இல் மறைந்தார், அவர் நூலில் தடையில்லை. ஆனால் அதைப் பிற்காலத்தில் ஒருவர் மொழிபெயர்த்திருந்தால், அந்த மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. பினாங்கில் பிறந்த பி. ரம்லி 1973இல் மறைந்தார். இசைக்கான 50 ஆண்டுக் கணக்கு 2023 முடிவில் நிறைவடைந்தது. ஆயினும் அவருடைய பாடல்கள் பலவற்றின் வரிகளை வேறு கவிஞர்கள் எழுதினார்கள். வரிகளோடு தாளை ஏற்றுவதற்குமுன் அந்தக் கவிஞர் மறைந்த ஆண்டையும் பார்த்துவிடுங்கள்.