தாய்மாமனும் 19 பர்சென்ட்டும்!

ரேஸ் டிராக்கில் சீர்வரிசைத் தட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் வைத்தேன்!

பட்டுப் பாவாடை-தாவணி ஒரு தட்டு, வெள்ளிக் கொலுசு ஒரு தட்டு, வளையல், மஞ்சள்-குங்குமம், ஆப்பிள், சாத்துக்குடி, சீப்புச் சீப்பாக வாழைப்பழம்... ஆக மொத்தம் பதினோரு தட்டு. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓரமாகத் துண்டை விரித்து வரிசையாக அடுக்கியிருந்தேன். ஹெல்மெட்டும் கையுமாகப் போன ஒருத்தர் நின்று பார்த்துவிட்டு, “பூஜையா பாஸ்? எங்க வண்டிக்கும் சேர்த்துப் பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். எனக்குச் சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். பிழைப்பு சென்னையில், ஏ.சி. ஆபீஸில். அக்கா மகளுக்கு அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். அக்கா ஆறு வருஷமாகத் தனி ஆளாக இறால் வியாபாரம் பண்ணி அந்தப் பெண்ணை வளர்த்தவள். மாமன் சீர் வரவில்லையென்றால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விதி, என் ஆபீஸ் நண்பன் ரூபத்தில் வந்தது. புதுசாக மின்சார ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தான். பேர்தான் நாலு சீட்டு. பின் சீட்டில் ஸ்கூல் பை மட்டும் சௌகரியமாக உட்காரும். “மச்சி, காலைல டிராக் டே. நாலு மணிக்குக் கிளம்பறோம். உன்னையும் சீரையும் நானே கொண்டுபோய் இறக்கறேன். ஊரே அசந்துடும்!” என்றான். அசந்தது யார் என்பது பின்னால் தெரியும்.

டிராக் டே என்றால் ரேஸ் இல்லை. சொந்த வண்டியை எடுத்துப் போய், பணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, போலீஸ் பயமில்லாமல் ஓட்டிப் பார்க்கிற நாள். முதல் நாள் ராத்திரி போனில் இதை அப்பாவுக்கு (எங்கள் பக்கம் ‘நைனா’) விளக்கினேன்.

“ஜெயிச்சா இன்னா தருவான்?”

“ஒண்ணும் தர மாட்டாங்க நைனா. நாமதான் காசு கட்டணும்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “எல்லாரும் ஒரே நேரத்துல ஓட்டுவீங்களா?” என்றார்.

“இல்லை, முறை போட்டு அனுப்புவாங்க. ஒரு கூட்டத்துக்கு இருபது நிமிஷம்.”

“அட, நம்ம பாடு மாதிரி!” என்றார். எங்கள் ஏரியில் நல்ல மீன் கிடைக்கிற இடங்களை ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்ளாமல் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பாடு. பல தலைமுறையாக நடக்கிற ஏற்பாடு.

நைனாவுக்கு ரேஸ் புதுசில்லை. இறால் கூடையோடு மெட்ராஸுக்கு பஸ் ஏறிய காலத்தில் வழியில் சோழவரம் வரும். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது. “சத்தத்துல பஸ் ஜன்னலே ஆடும்டா” என்பார். 1990 வாக்கில் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தது. 3.7 கிலோமீட்டர் சுற்று, பன்னிரண்டு வளைவு. இன்றைக்கு அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி 92. “ஏன்டா, நூறு வைக்கக்கூடாதா?” என்று கேட்டேன். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறதாம். மின்சாரக் காரில் ஆக்ஸிலேட்டரை விட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்து, அந்தக் கரண்டைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி வாய் வரைக்கும் நிரம்பியிருந்தால் அதை எங்கே வாங்கி வைப்பது? வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கு மறுபடி பாயசம் ஊற்றுகிற கதைதான். அதனால் கொஞ்சம் இடம் விட்டு வைப்பதே புத்திசாலித்தனம்.

வண்டிக்குள் எதுவும் உருளக்கூடாது என்பதால்தான் சீர்வரிசை வெளியே வந்தது. முதல் முறையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொடி அசைந்தது. நண்பன் மிதித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், என் வயிறு மட்டும் ஸ்டார்ட்டிங் பாயின்ட்டிலேயே நின்றுவிட்டது! பெட்ரோல் எஞ்சினுக்கு வேகம் ஏற ஏறத்தான் முழு பலம் வரும். மின்சார மோட்டாருக்கு முதல் நொடியிலேயே முழு இழுவை. சத்தமோ ‘உய்ங்...’ என்று, மாமியார் வீட்டு மிக்ஸி மாதிரி. டயர் கத்துவதுதான் பெரிதாகக் கேட்டது.

இருபது நிமிஷம், ஒன்பது சுற்று. இறங்கிப் பார்த்தால் பேட்டரி 63!

“முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு 29 பர்சென்ட்டா? நூறுக்கு நானூத்தி அம்பது கிலோமீட்டர் போகும்னியே?”

“அது ரோட்டுல மச்சி.”

இங்கேதான் கணக்கு இருக்கிறது. அவன் பேட்டரி 80 யூனிட் கொள்ளும், எடை ஐந்நூறு கிலோ பக்கம். அதில் இருக்கும் மொத்த சக்தியை பெட்ரோலாக அளந்தால் ஒன்பது லிட்டர்தான் தேறும். மோட்டார் அதில் தொண்ணூறு சதவிகிதத்தை ஓட்டமாக மாற்றிவிடுவதால், ரோட்டில் சிக்கனமாக ஓடுகிறது. பெட்ரோல் எஞ்சின் முக்கால் பங்கை வெறும் சூடாக வீணடிக்கும். ஆனால், டிராக்கில் கதை வேறு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு. இரண்டு டன் வண்டியை ஒவ்வொரு வளைவுக்கும் அடக்கி, மறுபடி விரட்ட வேண்டும். செலவு நாலைந்து மடங்கு ஏறிவிடும்.

இரண்டாவது முறையில் இன்னொரு வில்லன் வந்தான். சூடு! பேட்டரியிலிருந்து கரண்டை இரண்டு மடங்கு உறிஞ்சினால் சூடு நாலு மடங்காகும். ஓர் எல்லை தாண்டியதும் வண்டியின் கம்ப்யூட்டர், ‘தம்பி, போதும்’ என்று பவரைக் குறைத்துவிடும். அது பேட்டரியின் ஆயுளைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. எங்களுக்கு நாலாவது சுற்றிலேயே குறைந்தது. சற்று முன் நாங்கள் பறந்து கடந்த ஒரு பழைய பெட்ரோல் கார், இப்போது எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் கைகூட ஆட்டினார்!

பேட்டரி 38. மணி மூணு.

“போதும்டா, தட்டை எடுத்து வைக்கறேன்” என்றேன்.

“ஒரே ஒரு ரவுண்டு மச்சி...”

இந்த ‘ஒரே ஒரு’ இருக்கிறதே, சீட்டாட்டத்தில் எத்தனை குடும்பத்தை அழித்திருக்கிறது! அவன் இறங்கி வந்தபோது திரையில் எழுதியிருந்தது: 19.

பழவேற்காடு அங்கிருந்து சுமார் 85 கிலோமீட்டர். செல்போனில் தேடினோம். வழியில் இருந்த சார்ஜிங் ஸ்டேஷனில் ஒரு வண்டி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு வண்டிகள் க்யூ. காத்திருந்தால் மாமன் இல்லாமலே மஞ்சள் நீர் ஊற்றிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் நைனாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. ஸ்பீக்கரில் நிதானமாகப் பேசினார்.

“இன்னா, டீசல் கம்மியாப் பூட்ச்சா? நானும் நடுத்தண்ணில எத்தினி தபா நின்னுகீறேன். காத்தோட சண்டை போடாதே. முக்கி முக்கி ஓட்டாதே. மெதுவா வுட்டுகினே வா, கரை தானா வரும். தட்டு பத்திரம்.”

பிசிக்ஸ் புத்தகமும் அதையேதான் சொல்கிறது! அறுபதைத் தாண்டவில்லை. ஏ.சி. கட். முன்னால் வண்டி நின்றால் பிரேக்கை மிதிக்காமல், தூரத்திலேயே காலை எடுத்து, சொட்டுச் சொட்டாகக் கரண்டைத் திரும்ப வாங்கினோம். வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஸ்போர்ட்ஸ் காரை மீன்பாடி டெம்போ ஒன்று ஓவர்டேக் செய்தது. அதன் டிரைவர் எங்களைப் பார்த்த பார்வை... வேண்டாம், விடுங்கள்!

ஃபார்முலா-ஈ என்கிற மின்சார ரேஸிலும் இதுதான் சாமர்த்தியமாம். 2014-ல் அது ஆரம்பித்தபோது பேட்டரி பாதி ரேஸுக்குத்தான் தாங்கும். டிரைவர் நடுவில் இறங்கி, வேறு காரில் ஏறிக்கொள்வார்! 2018 வரை அப்படித்தான். 2023 பிப்ரவரி 11-ல் ஹைதராபாத் தெருக்களில் அந்த ரேஸ் நடந்து, பிரான்ஸின் ஜான் எரிக் வெர்ன் ஜெயித்தபோது ஒரே கார்தான். அங்கேயும் வளைவு வருமுன்பே காலை எடுத்து, கரண்டை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவனே கெட்டிக்காரன். நம் மெட்ராஸ் ஐ.ஐ.டி. மாணவர்களும் 2022-லேயே மின்சார ரேஸ் கார் ஒன்றைச் செய்து காட்டிவிட்டார்கள்.

சோழவரத்துப் பக்கம் வரும்போது 11. பொன்னேரியில் 8. ஏரிக் காற்றில் உப்பு வாசனை அடித்தபோது 6. குப்பத்து முனையில் மேளச் சத்தம் கேட்டது. மணி ஆறு பத்து. பேட்டரி 5!

வாசலில் அக்கா நின்றிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. தட்டுகளை மட்டும் எண்ணினாள். பதினொன்றும் இருந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உள்ள வாடா மாமா” என்றாள். எந்தக் கோப்பையும் எனக்கு அந்த வார்த்தைக்கு ஈடாகாது.

டிராக் டே போக ஆசையா? தாராளமாகப் போங்கள். வேகத்தை ரோட்டில் காட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். போகுமுன் இன்ஷூரன்ஸ் பேப்பரைப் படியுங்கள். சாதாரண பாலிசி ரேஸ், ஸ்பீடு டெஸ்ட் இவற்றுக்குக் கைகொடுக்காது. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி டயர், பிரேக், பேட்டரி மூன்றையும் ஆறவிடுங்கள். முக்கியமாக, எத்தனை சுற்று என்று தீர்மானிக்குமுன் வீடு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். கடலுக்குப் போகிறவன் முதலில் கரைக்குத் திரும்பத்தான் எண்ணெயை ஒதுக்குவான், மிச்சம்தான் வலைக்கு.

சடங்கு முடிந்து, பந்தியும் முடிந்த பிறகு, நைனா காரில் ஏறி உட்கார்ந்தார். மாமா வீட்டு பிளக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றியதில் கொஞ்சம் கரண்ட் இருந்தது. தெருமுனை வரை ஒரு ரவுண்டு. இறங்கியவர் முகத்தில் ஆழ்ந்த யோசனை.

“சத்தமே இல்லியேடா! இதை நம்ம படகுல மாட்டினா ஒரு மீனுகூட ஓடாதே! பேட்டரி எவ்ளோ வெயிட்டு?”

“ஐந்நூறு கிலோ அங்கிள்” என்றான் நண்பன், பெருமையாக.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அப்போ மீனை நீந்தித்தான் வரச் சொல்லணும்!”