எந்த வேலைக்கு எந்தக் காகிதம்?

பருத்தி எடுப்புக் காலத்தில் குன்னம் வட்டாரத்துக் கரிசற்காடுகள் வெண்மை பூத்து நிற்கும் காட்சியை நம்மில் அறியாதார் இலர். எடுத்த பருத்தியை மூட்டை கட்டி விற்று, அதன் விலையை உழவர் எண்ணி வாங்குகிறார். அவர் கையிலுள்ள ரூபாய் நோட்டு எதனால் ஆனது என்று கேட்டால், ‘காகிதத்தால்’ என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அவ்விடை சரியானதே, ஆயினும் முழுமையானதன்று. அந்தக் காகிதம் மரத்தினின்று செய்யப்பட்டதன்று. பருத்தி நாரினின்று செய்யப்பட்டது. சட்டைப்பையிலேயே மறந்துவிடப்பட்ட நோட்டு, துவைகல்லில் அடிபட்டும் கிழியாமல் வெளிவருவதை நாம் கண்டிருக்கிறோம். அதே தண்ணீரில் ஒரு செய்தித்தாளை நனைத்தாலோ, சிறிது நேரத்தில் கூழாகிவிடும். இரண்டும் காகிதமே. எனினும் ஒன்றன் ஆயுள் வேறு, மற்றொன்றன் ஆயுள் வேறு.

இந்த வேற்றுமையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் ஏன் அறிந்துகொள்ள வேண்டும்? குடியரசு நாளன்றும், மே தினத்தன்றும், சுதந்திர நாளன்றும், காந்தி ஜயந்தியன்றும் கூடும் கிராம சபையின் தீர்மானங்கள் ஒரு புத்தகத்தில் எழுதப்படுகின்றன. ஏரிக்கரைப் பாதை பொதுவழி என்றும், இன்ன குட்டை ஊருக்குச் சொந்தம் என்றும் இன்று நாம் எழுதுவதற்கு, முப்பது ஆண்டுகள் கழித்து நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் தேவை ஏற்படலாம். அப்பொழுது அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதே அது அப்பளம்போல் நொறுங்குமானால், ஊரின் உரிமைக்குச் சாட்சி ஏது? கடையில் உள்ளவற்றில் மிக மலிவான நோட்டுப் புத்தகத்தைத் தேடி வாங்கியதனால் மிச்சமான பணம் எவ்வளவு, அதனால் இழந்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காகிதம் என்பது யாது?

செடிகொடிகளின் நாரை நீரில் ஊறவைத்து, அடித்துக் கூழாக்கி, மெல்லிய படலமாகப் பரப்பி உலர்த்தினால் காகிதம் கிடைக்கும். நெல்லின் தண்டைத் தாள் என்கிறோம். எழுதும் ஏட்டையும் தாள் என்றே அழைக்கிறோம். பொருத்தமான பெயர்தான். வைக்கோல், கரும்புச் சக்கை, மூங்கில், மரம், பருத்தி ஆகிய யாவும் காகிதமாகக் கூடியவையே. கரூருக்கு அருகில் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. சர்க்கரை ஆலைகளில் சாறு பிழிந்தபின் மிஞ்சும் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு வளர்ந்த ஆலை அது. பள்ளிப் பிள்ளைகளின் பாடநூல்களுக்கும் நோட்டுப் புத்தகங்களுக்கும் இவ்வகைக் காகிதம் நன்கு பயன்படுகிறது.

நாரில் உள்ள முக்கியப் பொருள் செல்லுலோஸ் என்பது. பருத்தியில் பத்தில் ஒன்பது பங்கு இதுவே. மரத்திலோ ஏறத்தாழப் பாதியளவுதான் செல்லுலோஸ். எஞ்சிய பாகத்தில் லிக்னின் என்னும் பொருள் கணிசமாக இருக்கிறது. மரத்திற்கு விறைப்பைத் தருவது லிக்னின். ஆனால் காகிதத்தில் அது தங்கிவிட்டால், வெயிலும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகிறது. மரத்தை அப்படியே அரைத்துச் செய்யும் மலிவான செய்தித்தாள் சில நாட்களிலேயே மஞ்சளாவதற்குக் காரணம் இதுவே.

காகிதம் நொறுங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எழுதும்போது மை ஊறிப் பரவாதிருக்கும் பொருட்டுக் காகிதத்திற்குப் பசை ஏற்றுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஆலைகளில் ரோஸின் என்னும் மரப்பிசினும் படிக்காரமும் இதற்குப் பயன்பட்டு வந்தன. படிக்காரத்தால் காகிதத்தில் அமிலத்தன்மை உண்டாகிறது. அந்த அமிலம் ஆண்டுக்கணக்கில் நாரைச் சிறிது சிறிதாக அறுக்கிறது. இதனை உணர்ந்து, அமிலத்திற்கு மாற்றாகச் சுண்ணாம்புப் பொடி சேர்த்துச் செய்யும் முறை பிற்காலத்தில் பரவியது. அரியலூர்ப் பக்கத்தில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே பொருள்தான், நல்ல காகிதத்திற்குள் அமர்ந்து அமிலத்தை அடக்குகிறது. ‘அமிலமற்ற காகிதம்’ என்று கேட்டு வாங்குவது இதனால்தான்.

வேலைக்கேற்ற காகிதம்

தீர்மானப் புத்தகம், வரவு செலவுப் பதிவேடு, சொத்துப் பதிவேடு ஆகியவற்றிற்கு லெட்ஜர் காகிதமே ஏற்றது. இது கனமானது, நன்கு பசையேற்றப்பட்டது, பலமுறை புரட்டினாலும் மடிப்பில் அறாதது. அமிலமற்றதாகவும் இருந்துவிட்டால் பின்னும் நன்று.

கூட்ட அறிவிப்பு, துண்டுப் பிரசுரம் முதலியவை சில நாட்களே வாழ்பவை. இவற்றிற்குச் சாதாரண அச்சுக் காகிதம் போதும். இங்கே உயர்ந்த காகிதம் வாங்குவது வீண் செலவு.

வண்ணப்படங்கள் அமைந்த மலருக்கும் விளம்பரத்திற்கும் ஆர்ட் பேப்பர் எனப்படும் மெருகுக் காகிதம் வேண்டும். அதன் மேற்பரப்பில் வெண்களிமண்ணும் சுண்ணாம்புப் பொடியும் பூசப்பட்டிருப்பதால், மை உள்ளே ஊறாமல் மேலே நின்று ஒளிர்கிறது. ஆனால் பேனாவால் எழுதுவதற்கு அது உகந்ததன்று. ஆதலால் கையெழுத்திட வேண்டிய சான்றிதழ்களை மெருகுக் காகிதத்தில் அச்சிடுதல் தவறு.

பழுப்பு நிறக் கிராஃப்ட் காகிதம் நீண்ட நாரால் ஆனது, இழுவிசையைத் தாங்குவது. சிமெண்டுப் பைகளும் கடைப் பைகளும் இதனால் செய்யப்படுகின்றன. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. அதன்பின் இக்காகிதத்திற்குக் கிராமக் கடைகளிலும் இடம் ஏற்பட்டுள்ளது.

உழவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. நியாயவிலைக் கடையிலும், பேருந்திலும், வங்கியின் பணம் தரும் இயந்திரத்திலும் கருவி அச்சிட்டுத் தரும் சீட்டுகள் பெரும்பாலும் வெப்பக் காகிதத்தில் அமைந்தவை. அவற்றில் மையே இல்லை. காகிதத்தின்மேல் பூசிய இரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுப்பதே எழுத்தாகத் தோன்றுகிறது. நகத்தால் அழுத்திக் கீறினால் கருங்கோடு விழுமாயின், அது வெப்பக் காகிதம் என்று அறியலாம். இவ்வெழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கி, நாளடைவில் மறைந்துவிடும். உரம், விதை, மருந்து வாங்கிய இரசீது இத்தகைய சீட்டாக இருந்தால், வாங்கிய வாரத்திலேயே சாதாரணக் காகிதத்தில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. பின்னர் விதை முளைக்கவில்லை என்று முறையிடச் செல்லும்போது, வெற்றுச் சீட்டை நீட்டி நிற்கும் நிலை வராது.

வாங்குமுன் சோதிக்கும் முறைகள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பர் பெரியோர். காகிதத்தின் அளவு ஜி.எஸ்.எம். எனப்படும். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தாளின் எடை எத்தனை கிராம் என்பதே அது. செய்தித்தாள் 45 முதல் 50 வரையிலும், நகலெடுக்கும் காகிதம் 70 முதல் 80 வரையிலும், அழைப்பிதழ் அட்டை 250 அல்லது அதற்கு மேலும் இருக்கும். ஏ4 அளவுத் தாள்கள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டராகும். எனவே 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்றின் எடை 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டின் எடை இரண்டரைக் கிலோ. உறையில் 80 என்று அச்சிட்டிருந்தும் கட்டு 2 கிலோ 200 கிராம்தான் நிற்குமானால், உள்ளே இருப்பது 70 ஜி.எஸ்.எம். காகிதமே. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு தராசு இருந்தால் இந்த ஐயம் தீர்ந்துவிடும்.

பழுப்பேறும் தன்மையை அறிய, ஒரு துண்டின் பாதியை அட்டையால் மூடி, மறுபாதி வெயில் படும்படி சில நாட்கள் வைக்கவும். இரு பாதிகளுக்கும் நிற வேற்றுமை தெளிவாகத் தெரிந்தால், அது பதிவேட்டுக்கு ஆகாது. பசையின் தரத்தை அறிய, மைப்பேனாவால் ஒரு கோடு இழுக்கவும். கோட்டின் ஓரம் மயிர் விட்டாற்போல் பரவினால், பசை போதாது என்பது பொருள்.

ஆலைக் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஒரு சிறு துண்டின் ஒருபுறத்தை மட்டும் நனைத்தால் அது குழல்போல் சுருளும். அக்குழலின் நீளவாட்டமே நாரின் திசை. புத்தகம் கட்டும்போது இத்திசை முதுகுப்புறத்திற்கு இணையாக இருந்தால், பக்கங்கள் படிந்து திறக்கும், கட்டும் நீடிக்கும்.

கைக்காகிதத்தின் வரலாறு

தமிழ்நாட்டில் அச்சுத்தொழிலும் காகிதத் தட்டுப்பாடும் தொடக்கத்திலேயே சேர்ந்து வந்தவை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் அச்சுக்கூடம் நடத்தியபோது, ஜெர்மனியிலிருந்து 1713ஆம் ஆண்டில் வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்தன; காகிதமோ கடல் கடந்து வர வேண்டியிருந்தது. ஆகவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலை ஒன்றையும் அமைக்க முற்பட்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் கைக்காகிதத்திற்குப் புத்துயிர் அளித்தவர்களுள் முதன்மையானவர் தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. 1934ஆம் ஆண்டில் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியவர் அவர். அச்சங்கம் வளர்த்த தொழில்களுள் கைக்காகிதமும் ஒன்று. இராஜஸ்தானத்தில் சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிலையம் அவர் பெயரையே தாங்கி, இத்தொழிலில் பயிற்சியும் ஆராய்ச்சியும் நடத்துகிறது. புதுச்சேரியில் 1959ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் தென்னாட்டில் பலரும் அறிந்தது.

செய்முறை கடினமன்று. பருத்திக் கந்தலையும் பனியன் வெட்டுத் துணியையும் தரம் பிரித்து, பொத்தான் முதலியவற்றை நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். பாலியெஸ்டர் கலந்த துணி கூழாகாது. ஒரு நூலைக் கொளுத்தினால், பருத்தி சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் திரளும். துண்டுகளை இயந்திரத் தொட்டியில் நீரோடு சுழலவிட்டு அடித்துக் கூழாக்கிய பின், சல்லடைச் சட்டத்தால் அள்ளி, துணிமேல் கவிழ்த்து, அடுக்கி அழுத்தி, கொடியில் உலர்த்தி, பசையேற்றி, உலோகத் தகடுகளுக்கிடையே செலுத்தி மெருகிடுவார்கள். பூவிதழ், வாழைநார், வைக்கோல் முதலியவற்றைக் கூழில் தூவினால் அழகிய வேலைப்பாடு அமையும். திருமண அழைப்பிதழ், வாழ்த்து மடல், கோப்பு உறை, நூலட்டை ஆகியவற்றிற்கு இதனை விரும்பி வாங்குகின்றனர்.

இக்காகிதத்தில் அச்சிடுவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். மேற்பரப்பு சொரசொரப்பானது, பஞ்சுத்துகள் உதிர்வது. ஆதலால் விரைந்தோடும் ஆஃப்செட் இயந்திரத்தைவிடத் திரை அச்சே இதற்குப் பொருந்தும். பொடி எழுத்துகளையும் நுண்ணிய கோடுகளையும் தவிர்த்து, தடித்த எழுத்தும் ஓரிரு வண்ணமும் கொண்டு அமைப்பது சிறப்பு.

நம் வட்டாரத்தில் இத்தொழில் நடக்குமா?

மூலப்பொருள் நம்மிடம் உண்டு. பஞ்சு பிரித்தபின் விதைமேல் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு உயர்தரக் காகிதத்திற்கு உலகெங்கும் பயன்படுகிறது. தையற்கடைகளில் துண்டுத் துணி சேருகிறது. காட்டில் கொளுத்தப்படும் பருத்திமாரும் நார்ப்பொருளே. ஆனால் அதில் லிக்னின் மிகுதி. இரசாயனங்களோடு வேகவைத்தாலன்றி நல்ல கூழாகாது. ஆகையால் சிறு கூடங்கள் முதலில் கந்தல் துணியையே நம்புதல் நலம்.

மறுபுறத்தையும் மறைத்தல் கூடாது. காகிதத்திற்குத் தண்ணீர் மிகுதியாக வேண்டும். மானாவாரிப் பயிரையும் கிணற்றையும் நம்பி வாழும் குன்னம், வேப்பூர்ப் பகுதிகளில் இது சிறு செய்தியன்று. வடிந்த நீரை மீண்டும் தொட்டிக்கே திருப்பும் ஏற்பாடும், சாயக்கழிவு வயலில் கலவாத ஏற்பாடும் இல்லாத கூடத்திற்குப் பஞ்சாயத்து இசைவு தரலாகாது. மழைக்காலத்தில் காகிதம் உலர்வதும் தாமதமாகும். எல்லாவற்றினும் மேலாக, வாங்குவோர் பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றனர். அச்சகங்களிடமும் அழைப்பிதழ் வணிகர்களிடமும் மாதிரி காட்டி, வாங்கும் உறுதி பெற்ற பிறகே இயந்திரத்திற்குப் பணம் செலவிட வேண்டும். மகளிர் குழுக்கள் கூழ் அடிக்கும் வேலையில் இறங்குமுன், ஆயத்தக் கைக்காகிதத்தை வாங்கி உறைகளும் பைகளும் கோப்புகளும் செய்து சந்தையை அறிந்துகொள்வது பாதுகாப்பான வழி. 2008ஆம் ஆண்டு தொடங்கிய பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் பற்றியும் கடன் வசதி பற்றியும் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தறியலாம்.

தொழில் தொடங்குவது நாளைய செய்தியாக இருக்கட்டும். இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பஞ்சாயத்தின் அலமாரியைத் திறந்து, பழைய பதிவேடுகளுள் பழுப்பேறியவற்றையும் நொறுங்குகின்றவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். அவற்றை அமிலமற்ற காகிதத்தில் நகலெடுத்து, அதிகாரிகளின் சான்று பெற்று, ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் மூலத்தோடு சேர்த்துக் காப்பாற்றுங்கள். அடுத்த தீர்மானப் புத்தகத்தை வாங்கும்போது, விலையைக் கேட்குமுன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; எடையிட்டுப் பாருங்கள். விதையைத் தேர்ந்து விதைக்கும் நமக்கு, ஊரின் சொல்லை எழுதிவைக்கும் தாளைத் தேர்வது அரிய காரியமன்று.