ஒரு ஓட்டு என்ன செய்யும்?

"நான் ஒருவன் ஓட்டுப் போடாவிட்டால் குடி முழுகிவிடுமா?" என்று சிலர் கேட்பது உண்டு.

முழுகியது உண்டு!

2004-ம் ஆண்டு கர்நாடக மாநிலத்தில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. சந்தேமரஹள்ளி தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் துருவநாராயணாவுக்கு 40,752 ஓட்டு கிடைத்தது. மதச்சார்பற்ற ஜனதா தள வேட்பாளர் கிருஷ்ணமூர்த்திக்குக் கிடைத்தது 40,751.

ஒரே ஓட்டில் வெற்றி! ஒரே ஓட்டில் தோல்வி!

இருவரும் சமமாக வாங்கியிருந்தால்? சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்திருப்பார்கள். சட்டம் அப்படி.

தமிழ்நாட்டிலும் இழுபறி உண்டு. 2021-ம் ஆண்டுத் தேர்தலில் சென்னை தியாகராயநகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டுதான். ஒரு தெருக்காரர்கள் மனது வைத்திருந்தால் முடிவு மாறியிருக்கும்!

234 தொகுதிகள்

தமிழ்நாடு சட்டசபைக்கு 234 தொகுதிகள். தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ. இவற்றில் 44 தொகுதிகள் ஆதிதிராவிடர்களுக்கும், 2 தொகுதிகள் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை.

தேர்தலில் நிற்க 25 வயது ஆகியிருக்கவேண்டும். ஓட்டுப் போட 18 வயது போதும். முன்பு 21 வயது என்று இருந்தது. 1989-ம் ஆண்டில்தான் அது 18 ஆயிற்று.

போட்டியிடுபவர்களில் யாருக்கு அதிக ஓட்டோ, அவரே எம்.எல்.ஏ. பாதிக்கு மேல் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆட்சி யாருக்கு?

முதல்-மந்திரியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. 234 பேரில் 118 பேர் ஆதரவு இருந்தால் மெஜாரிட்டி. மெஜாரிட்டி உள்ள கட்சியின் தலைவரைக் கவர்னர் முதல்-மந்திரியாக நியமிக்கிறார். மற்ற மந்திரிகள் யார் என்பதை முதல்-மந்திரி முடிவு செய்வார். அவரையும் சேர்த்து 35 மந்திரிகளுக்கு மேல் இருக்கக்கூடாது.

சட்டசபையின் ஆயுள் 5 ஆண்டு. ஆனால் நடுவில் மெஜாரிட்டி போனால் மந்திரிசபையும் போய்விடும். 118 பேர் 117 ஆனால் நாற்காலி ஆடும்!

சபாநாயகர்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் சபை கூடுகிறது. எம்.எல்.ஏ.க்கள் தங்களில் ஒருவரைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் எப்போது பேசுவது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். சபையில் ஓட்டெடுப்பு நடந்தால் அவர் ஓட்டுப் போடமாட்டார். இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் போடுவார். அங்கேயும் அந்த ஒரு ஓட்டுதான் முடிவு கட்டும்!

சட்டம் இயற்றுவது, வரி போடுவது, பட்ஜெட்டை நிறைவேற்றுவது எல்லாம் சபையின் வேலை. கேள்வி நேரமும் உண்டு. உங்கள் ஊர் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றி உங்கள் எம்.எல்.ஏ. அங்கே கேட்கலாம். மந்திரி பதில் சொல்லவேண்டும்.

கேட்கக்கூடியவரை அனுப்புவது யார்? நீங்கள்தான்!

வாக்காளர் பட்டியலில் உங்கள் வீட்டார் பெயர்கள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ஓட்டுப்பதிவு நாளன்று பார்த்துப் பயன் இல்லை.