விமானம் ஏன் தொங்குகிறது?

லண்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது ஹவுன்ஸ்லோ வட்டாரம். அதை ஒட்டியே ஹீத்ரோ விமான நிலையம். ஹேட்டன் கிராஸ் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் மிர்ட்டில் அவென்யூ என்ற சின்னத் தெரு வரும். அது முடிகிற இடத்தில் ஒரு புல்வெளி. தெற்கு ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் அந்தப் பக்கமாகத்தான் தாழ்ந்து வரும். சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிற விமானங்களை அங்கே பார்க்கலாம்.

எவ்வளவு தாழ்வாக? விமானங்கள் பொதுவாக 3 டிகிரி சரிவில் இறங்குகின்றன. அப்படியானால், தரையைத் தொட 1 கிலோமீட்டர் இருக்கும்போது அவற்றின் உயரம் சுமார் 52 மீட்டர்தான். கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கேட்கவா வேண்டும்! படம் எடுப்பதைத் தொழிலாகக் கொள்ளாத, ஆசைக்காக எடுக்கிற பலர் அங்கே கூடுகிறார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அவர்கள் பார்ப்பது காற்றின் திசையை. எதிர்க்காற்றில் இறங்கினால், தரையைப் பொறுத்து விமானத்தின் வேகம் குறைவாக இருக்கும், நிறுத்துவது எளிது. அதனால் மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் விமானங்கள் கிழக்கிலிருந்து, அதாவது ஹவுன்ஸ்லோ பக்கமிருந்து வரும். அந்த நாட்களிலும் பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் ஓடுபாதையை மாற்றிவிடுவார்கள். கீழே குடியிருப்பவர்களின் காதுக்குப் பாதி நாளாவது ஓய்வு வேண்டுமே!

படம் எடுத்ததும் கேமராத் திரையைப் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுவது இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பம். "சூப்பர்!" என்று ஒருவர் சொன்னால் மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த படம் அதனால் மேம்படாது. "விமானம் பறக்கிற மாதிரி இல்லையே, தொங்குகிற மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கருத்து இது. ஏனென்றால் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

மூக்கில் சுழலும் விசிறியோ, இறக்கைகளில் சுழலும் விசிறிகளோ உள்ள விமானங்களைப் பார்த்திருப்பீர்கள். விசிறி நொடிக்கு 20 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். கேமராவின் ஷட்டர் நொடியில் 2000-இல் ஒரு பங்கு நேரம் திறந்தால், அதற்குள் விசிறி 4 டிகிரிகூடத் திரும்பியிருக்காது. படத்தில் அது அசையாமல் நிற்கும். விசிறி நின்றுபோன விமானம் தொங்குவதுபோல்தானே தெரியும்? ஷட்டரை நொடியில் 125-இல் ஒரு பங்குக்கு மாற்றுங்கள். இப்போது விசிறி சுமார் 58 டிகிரி திரும்பிவிடும். ஆறு இலைகள் உள்ள விசிறியில் இரண்டு இலைகளுக்கு இடையே 60 டிகிரி. ஆகவே படத்தில் கிட்டத்தட்ட ஒரு முழு வட்டமே தெரியும். விமானம் பறக்கத் தொடங்கிவிடும்!

ஆனால் இதில் ஒரு சிக்கல். இறங்கும் விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், நொடிக்குச் சுமார் 70 மீட்டர். ஷட்டர் திறந்திருக்கும் அந்த 125-இல் ஒரு பங்கு நொடியில் அது அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், உடலும் மங்கிப்போகும். அனுபவசாலிகள் இதற்குச் சொல்லும் வழி 'பேனிங்'. விமானம் நகரும் வேகத்துக்கே கேமராவையும் திருப்பிக்கொண்டு படமெடுக்க வேண்டும். அப்போது விமானத்தின் பிம்பம் கேமராவுக்குள் ஒரே இடத்தில் நிற்கும். பின்னால் உள்ள வீடுகளும் மரங்களும் கோடுகளாக இழுபடும்.

செல்பேசியில் எடுத்தால் விசிறியின் இலைகள் சில சமயம் வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரியும். செல்பேசி பழுதாகவில்லை. அது காட்சி முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதில்லை. வரிசை வரிசையாகப் படிக்கிறது. அடுத்த வரிசைக்குப் போவதற்குள் விசிறி நகர்ந்துவிடுகிறது.

ஓர் ஆள் எடுத்த படத்தை இன்னோர் ஆள் ஆராய்வது இன்று தொடங்கிய பழக்கம் அல்ல. லண்டனில் 1853-இலேயே புகைப்படச் சங்கம் உருவானது. சென்னையிலும் 1850-களிலேயே ஒன்று இருந்தது. லினேயஸ் ட்ரைப் என்பவர் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த காலத்தில், ஒரு படத்துக்கு நீண்ட நேரம் ஒளி விழ வேண்டும். தெருவில் நடந்துபோனவர்கள் படத்தில் பதியாமலே மறைந்துவிடுவார்கள். விமானத்தின் விசிறியை வட்டமாக்குவதும் அதே அறிவியல்தான்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி எழும்: "வானத்தில் அந்தக் கரும்புள்ளி என்ன, பறவையா?" ஊகிக்க வேண்டாம். கேமராவை வேறு பக்கம் திருப்பி எடுத்த படத்தையும் திறந்து பாருங்கள். அதே மூலையில் அதே புள்ளி இருந்தால், அது கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சார்மீது உட்கார்ந்திருக்கும் தூசி. இல்லையென்றால் பறவையாகவோ, தூரத்து விமானமாகவோ இருக்கலாம்.

வெயில் நாளில் எல்லாப் படமும் கலங்கித் தெரிந்தால் ஃபோகஸைக் குறை சொல்வதற்கு முன் விளிம்புகளைப் பாருங்கள். நெளிநெளியாக இருந்தால் காரணம் காற்று. சூடான தரைக்கு மேல் வெவ்வேறு வெப்பத்தில் உள்ள காற்று, ஒளியை வெவ்வேறு விதமாக வளைக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இதைத் தடுக்க முடியாது. காலையில் சீக்கிரம் போகலாம், அல்லது இன்னும் அருகில் நின்று எடுக்கலாம்.

விமானம் கிடைக்காதவர்களுக்கு வீட்டு மின்விசிறி போதும். பகல் வெளிச்சத்தில், ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றி அதைப் படமெடுங்கள். எண்களைச் சொல்லாமல் நண்பரிடம் காட்டி, எந்தப் படத்தில் விசிறி ஓடுகிறது என்று கேளுங்கள். ஏன் அப்படித் தோன்றியது என்பதையும் அவரே சொல்லட்டும்.